கழுவிய எலுமிச்சை ஏன் அழுகியது?

(அறிவியல் மன்ற மாணவியர், மேல்நிலை முதலாம் ஆண்டு)

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் விடுதிக்கு ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வந்தது. பொட்டிபுரத்திலிருந்து வந்து எங்களோடு படிக்கும் தோழி ஒருத்தியின் வீட்டுத் தோட்டத்துப் பழம் அது. அவளுடைய தாயார் தாமே பறித்து, சாக்கில் கட்டி, போடி வரும் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். விடுதிக் கட்டணத்தில் நின்றுபோன ஒரு சிறு பாக்கிக்கு ஈடாக அப்பழத்தை ஏற்றுக்கொள்ள விடுதிச் சகோதரி இசைந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி ஊறுகாய் போடுவது என்று முடிவாயிற்று. மூட்டை வந்ததோ திங்கட்கிழமை.

நல்லது செய்வதாக எண்ணி நாங்கள் ஒரு வேலை செய்தோம். ஆறு பேர் சேர்ந்து மூட்டையை அவிழ்த்து, துணி துவைக்கும் தொட்டியில் நீர் நிரப்பி, பழம் முழுவதையும் அதில் கொட்டினோம். தேங்காய் நாரால் ஒவ்வொன்றையும் பளபளவென்று தேய்த்தோம். பிறகு ஈரம் சொட்டச் சொட்ட அதே சாக்கில் கட்டி, வைப்பறையின் மூலையில் சாத்தினோம். ஞாயிறன்று சாக்கை அவிழ்த்தபோது பச்சை நிறப் பொடி புகைபோல எழும்பிற்று. பாதிக்கு மேல் அழுகிவிட்டது. தோழி ஒன்றும் பேசவில்லை. தரையில் அமர்ந்து, கெட்டதை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

சமையற்கட்டுப் பாட்டிதான் பேசினார். "ஏம் புள்ளைகளா, எலுமிச்சையக் கழுவியா கட்டி வைப்பாக? வேணுங்கிறப்பக் கழுவணும். இல்லாட்டித் துணியால தொடச்சு நெழல்ல பரப்பணும். இது ஒங்க அம்மாமாரு யாரும் சொல்லலையா?" என்றார். மூட்டை வந்த அன்றே பாட்டி ஒரு சிறு கூடைப் பழத்தைக் கழுவாமல் எடுத்து, மூங்கில் தட்டில் பரப்பி வைத்திருந்தார். அவை மஞ்சள் மாறாமல் அப்படியே இருந்தன.

முழு மூட்டையும் தோழியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அழுகல் எங்கள் கையால் வந்தது என்பதால் நாங்கள் ஆறு பேரும் தின்பண்டக் காசைச் சேர்த்து ஈடு செய்தோம். ஆயினும் ஒரு கேள்வி நின்றுபோயிற்று. தூய்மை செய்தால் நோய் விலகும் என்றுதானே முதல் வகுப்பிலிருந்து கற்று வருகிறோம்? கழுவிய பழம் கெட்டு, கழுவாத பழம் பிழைத்தது எவ்வாறு? இக்கேள்வியை அறிவியல் ஆசிரியையிடம் கொண்டு சென்றோம். அவர்கள் பாதி விடை கூறி, மீதியைத் தேடிப் படிக்கும்படி விட்டுவிட்டார்கள். தேடியதில் கிடைத்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் பகைவனை அறிவோம். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆகியவை ஒரே குடும்பத்துப் பழங்கள். பறித்த பின் இவற்றை அழிப்பவற்றுள் முன்னிற்பவை இரண்டு பூசணங்கள். பச்சைப் பூசணத்தின் பெயர் பெனிசிலியம் டிஜிடேட்டம். நீலப் பூசணத்தின் பெயர் பெனிசிலியம் இட்டாலிகம். பெயரைக் கேட்டதும் பெனிசிலின் மருந்து நினைவுக்கு வரும். அது சரியே. 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் ஆய்வுக்கூடத் தட்டில் கண்டதும் இந்தப் பெனிசிலியம் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூசணந்தான். ஒரே குடும்பத்தில் மருத்துவரும் இருக்கிறார், திருடரும் இருக்கிறார்.

பச்சைப் பூசணம் பிடித்த பழத்தில் முதலில் ஓரிடம் நீர் கோத்ததுபோல் மெத்தென்று ஆகும். அதன்மேல் வெள்ளையாகப் படரும். நடுவில் பச்சைப் பொடி தோன்றி, வெள்ளை விளிம்போடு விரியும். அந்தப் பொடிதான் ஸ்போர் எனப்படும் பூசண வித்து. ஒரே அழுகிய பழத்தில் கோடிக்கணக்கான வித்துகள் உண்டு. காற்றிலும் சாக்கிலும் கூடையிலும் பறிப்பவர் கையிலும் அவை ஒட்டியிருக்கும். பழந்தோட்டம் உள்ள ஊரில் இவ்வித்து படாத எலுமிச்சை ஒன்றைக் காண்பது அரிது.

அப்படியானால் எல்லாப் பழமும் அழுக வேண்டுமே? இங்குதான் நாங்கள் அறியாத செய்தி இருந்தது. முழுத்தோலின்மேல் விழுந்த பச்சைப் பூசண வித்தால் ஒன்றும் செய்ய இயலாது. மெழுகும் எண்ணெய்ப் பைகளும் நிறைந்த எலுமிச்சைத் தோல் அதற்குக் கோட்டைச் சுவர். வித்து உறங்கிக் கிடக்கும். தோலில் ஊசிமுனை அளவு காயம் பட்டால் போதும். அங்கு கசியும் சாறும் எண்ணெயின் வாசனையும் வித்தை எழுப்பிவிடும். அது முளைத்து, இழை விட்டு, நொதிகளைச் சுரந்து, பழத்தின் சதையைக் கூழாக்கி உண்ணும்.

காயம் எங்கிருந்து வருகிறது? எலுமிச்சை மரத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. காற்றடித்தால் பழம் முள்ளில் உரசும். துரட்டியால் இழுத்தால் தரையில் விழும். காம்பைத் திருகிப் பிடுங்கினால் காம்படியில் தோல் கிழியும். பறிப்பவரின் நகம் ஒரு காரணம். கூடையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாச்சு ஒரு காரணம். சாக்கின் அடியில் தங்கிய மணல் இன்னொரு காரணம். கண்ணுக்குத் தெரியாத கீறலும் பூசணத்துக்குத் திறந்த கதவே.

இப்போது எங்கள் தொட்டியை நினைத்துப் பார்த்தோம். தேங்காய் நாரால் தேய்த்ததில் ஒவ்வொரு பழத்திலும் புதிய கீறல்கள் உண்டாக்கினோம். மூட்டையில் ஏற்கெனவே அழுகிய ஒன்றிரண்டு பழம் இருந்திருக்க வேண்டும். அவற்றின் வித்தைத் தொட்டி நீரில் கலக்கி எல்லாப் பழத்துக்கும் சமமாகப் பங்கிட்டோம். பெரிய பழக் கிடங்குகளில் கழுவும் நீரில் குளோரின் கலப்பது இதனால்தான். பிறகு ஈரச் சாக்கில் கட்டிக் காற்றையும் அடைத்தோம். இம்மூன்றும் ஆசிரியை கூறிய பாதி விடை. மீதிப் பாதி, கழுவும்போது எதைச் சேர்த்தோம் என்பதில் அல்ல, எதை இழந்தோம் என்பதில் இருந்தது.

நீர்த்த நீரில் தோன்றிய பூசணம்

1980-களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கியர்னிஸ்வில் என்னும் ஊரிலுள்ள அரசுப் பழ ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் வில்சன் என்பவர் பணியாற்றினார். அவரும் இஸ்ரேல் நாட்டு வோல்கானி ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த எடோ கலுட்ஸ் என்பவரும் சேர்ந்து செய்த எளிய சோதனை ஒன்றை எங்கள் மன்றத்தில் பலமுறை பேசிவிட்டோம். எலுமிச்சை இனப் பழங்களின் மேல்தோலைக் கழுவினார்கள். கழுவிய நீரைப் பெட்ரித் தட்டிலுள்ள அகார் கூழின்மேல் ஊற்றி, என்ன வளர்கிறது என்று பார்த்தார்கள். பாக்டீரியாவும் ஈஸ்டும் மட்டுமே வளர்ந்தன. அதே நீரில் மேலும் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து மீண்டும் ஊற்றினார்கள். இம்முறை அழுகல் பூசணங்கள் தலைகாட்டின.

இதில் உள்ள விந்தையைக் கவனியுங்கள். மோரில் நீர் ஊற்ற ஊற்றப் புளிப்புக் குறையும். அதுபோல, நீர்க்கச் செய்த தட்டில் எல்லா உயிரும் குறைய வேண்டும். ஆனால் முதல் தட்டில் காணாத ஒன்று இரண்டாம் தட்டில் வந்தது. அப்படியானால் பூசணம் முதல் தட்டிலும் இருந்திருக்கிறது. அதை வளரவிடாமல் யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள். படிப்பு மண்டபத்தில் சகோதரி உலவும்வரை ஒரு சத்தமும் எழாது. அவர்கள் வாயிற்படி தாண்டியதும் எழும் இரைச்சலை வைத்து அங்கே எத்தனை பேர் இருந்தோம் என்று அறியலாம். ஏறக்குறைய அதே கதை. நீர்க்கும்போது காவலர் தொகை குறைந்தது, அடங்கியிருந்தவை கிளம்பின.

கழுவி உலர்த்திய பழம், கழுவாத பழத்தைவிட விரைவில் அழுகுவதையும் அவர்கள் குறித்தார்கள். இவ்வாய்வு 1990-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பாட்டியிடம் இதைப் படித்துக் காட்டினோம். "இதுக்கு அமெரிக்காவா போகணும்?" என்று கேட்டுவிட்டு அவர் அரிசி களையப் போய்விட்டார்.

தோலின்மேல் காவல் நின்றவற்றுள் ஈஸ்டுகள் முக்கியமானவை. ஈஸ்ட் என்றதும் பேக்கரி ரொட்டியை நினைக்கிறோம். ஈஸ்டும் பூஞ்சை இனமே; ஆனால் இழை விடாமல், பெரும்பாலும் தனித்தனிச் செல்களாக வாழ்வது, மொட்டு விட்டுப் பெருகுவது. பனையிலிருந்து இறக்கிய இனிப்புச் சாறு சில மணி நேரத்தில் கள்ளாக மாறுவது ஈஸ்டின் வேலை. பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். அது அந்த வேலையைத் தடுப்பதற்கு. ஆகவே நம் முன்னோர் ஈஸ்டைப் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள். நாம் அறியாதிருந்தது, நூற்றுக்கணக்கான ஈஸ்ட் வகைகள் இலையிலும் பூவிலும் பழத்தோலிலும் அமைதியாகக் குடியிருக்கின்றன என்பதே. திராட்சையின் மேல் காணும் வெண்மையான மங்கலை ஈஸ்ட் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது மெழுகு. ஈஸ்ட் அங்கு உண்டு; ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

முந்தி அமர்பவருக்கே இடம்

ஈஸ்ட் பூசணத்தை எவ்வாறு அடக்குகிறது? விஷம் கக்கிக் கொல்கிறது என்றே நாங்கள் முதலில் நினைத்தோம். இதே வில்சனும் பூசி என்னும் ஆய்வாளரும் 1984-இல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு பீச் பழத்தின் அழுகலைத் தடுத்திருந்தார்கள். அந்தப் பாக்டீரியா உண்மையாகவே பூசணத்தைக் கொல்லும் பொருளைச் சுரப்பது. ஆனால் உண்ணும் பழத்தின்மேல் அத்தகைய பொருள் தங்குவது நல்லதா என்ற ஐயம் எழுந்தது. எனவே எதையும் கக்காமல் தடுக்கும் உயிர் உண்டா என்று தேடியபோதுதான் ஈஸ்டின் பக்கம் கவனம் திரும்பிற்று.

ஈஸ்டின் முதல் ஆயுதம் பசி. காயத்தில் கசியும் சாற்றில் சர்க்கரையும் பிற சத்துகளும் உண்டு. அதைக் குடிக்க ஈஸ்டும் வருகிறது, பூசண வித்தும் வருகிறது. வித்து கண்விழித்து முளைவிடப் பல மணி நேரம் ஆகும். ஈஸ்ட் அதற்குள் பெருகத் தொடங்கிவிடும். நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் ஈஸ்ட் செல் ஒன்று சுமார் இரண்டு மணி நேரத்தில் இரண்டாகும் என்று கொள்வோம். ஒரு நாளில் பன்னிரண்டு முறை இரட்டித்தால் ஒன்று 4,096 ஆகிறது. (கணக்கு ஆசிரியைக்கு நன்றி.) ஊசிமுனைக் காயத்தில் உணவு அளவானது என்பதால் இந்தப் பெருக்கம் விரைவில் ஓயும். ஓயும்போது சாறும் தீர்ந்திருக்கும், இடமும் நிரம்பியிருக்கும். பிறகு விழிக்கும் வித்துக்குப் பந்தி முடிந்த இலைதான் மிச்சம்.

இதை எவ்வாறு உறுதி செய்தார்கள்? ஈஸ்ட் இட்ட காயத்தில் கூடுதலாகச் சத்துப்பொருளை ஊற்றிப் பார்த்தார்கள். பூசணத்துக்கும் உணவு மிஞ்சியதால் ஈஸ்டின் காவல் தளர்ந்தது. கொன்ற ஈஸ்டை இட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. ஈஸ்ட் வளர்ந்த நீரை மட்டும் வடித்து இட்டுப் பார்த்தார்கள், அதுவும் பயனில்லை. ஆகவே உயிருள்ள ஈஸ்ட் அங்கே இருந்து உண்பதுதான் காரணம் என்பது தெளிவாயிற்று. ஓர் ஐயத்தை இப்படி ஒவ்வொன்றாக விலக்கி விடை காணும் முறையை எங்கள் செய்முறை ஏட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறோம்.

பசி மட்டுமே ஆயுதம் அல்ல என்பது பின்னர் தெரிந்தது. 1991-இல் மைக்கேல் விஸ்னியூஸ்கியும் அவருடன் பணி செய்தோரும் நுண்ணோக்கியில் ஓர் ஈஸ்டைப் பார்த்தார்கள். பிக்கியா கில்லியர்மாண்டி என்பது அதன் பெயர். அது சாம்பல் பூசணத்தின் இழையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. பற்றிய செல்லை அகற்றிப் பார்த்தால் இழையின் சுவர் அவ்விடத்தில் குழிந்து, ஓரளவு கரைந்திருந்தது. சில ஈஸ்டுகள் பழத்தையே விழிப்படையச் செய்து, தன் காப்புப் பொருள்களைத் தானே சுரக்கும்படி தூண்டுகின்றன.

எல்லா ஈஸ்டும் இவ்வேலைக்கு உதவாது. நல்ல காவலரைத் தேர்ந்தெடுக்க வில்சன் குழுவினர் கையாண்ட வழி மிக எளிது. பழத்தில் பல காயங்கள் இட்டார்கள். வேறு பழங்களைக் கழுவிய நீரை ஒவ்வொரு காயத்திலும் விட்டார்கள். பிறகு அழுகல் வித்தையும் விட்டுக் காத்திருந்தார்கள். பெரும்பாலானவை அழுகும். அழுகாமல் நின்ற காயத்தில் யாரோ வென்றிருக்கிறார்கள் அல்லவா? அவ்விடத்தைச் சுரண்டி எடுத்து, அங்கிருந்த உயிரைத் தனியே வளர்த்தார்கள். அவ்வாறு கிடைத்தது குளிரிலும் பிழைக்க வேண்டும், மலிவான உணவில் பெருக வேண்டும், பழத்துக்கும் மனிதருக்கும் கேடு செய்யக் கூடாது. மனித உடலின் வெப்பமான 37 பாகை செல்சியஸில் அது வளராதிருந்தால் இன்னும் நல்லது. நாம் பழத்துக்கு அமர்த்தும் காவலர் நம் உடலில் குடியேற எண்ணக் கூடாது.

இத்தகைய தேடலின் பயனாகக் கேண்டிடா ஓலியோஃபிலா என்னும் ஈஸ்ட் 1995-இல் 'ஆஸ்பயர்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பழ அழுகலைத் தடுக்க விற்பனைக்கு வந்த முதல் ஈஸ்டுகளில் அது ஒன்று. சில ஆண்டுகளில் அது சந்தையை விட்டுப் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் வென்றதுபோல் எல்லாக் கிடங்கிலும் ஒரே சீராக வெல்லவில்லை; பூஞ்சைக்கொல்லி மருந்தோடு விலையிலும் உறுதியிலும் போட்டியிடவும் முடியவில்லை. தோல்வி என்று இதைச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஏனெனில் அதே இனத்தின் வேறொரு வகை பின்னர் பெல்ஜியத்தில் பயன்பாட்டுக்கு உருவாக்கப்பட்டது.

இரண்டாவது கதை திராட்சையிலிருந்து வந்தது. இஸ்ரேல் நாட்டில் திராட்சைப் பழத்திலிருந்து எடுத்த ஈஸ்ட் ஒன்றை 2001-இல் கிளீட் கர்ட்ஸ்மன், சமீர் ட்ரோபி ஆகியோர் புதிய இனம் என்று அறிவித்து, மெட்ஷ்னிகோவியா ஃபுருக்டிகோலா எனப் பெயரிட்டார்கள். பெயரின் முற்பகுதி, வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-இல் நோபெல் பரிசு பெற்ற மெட்ஷ்னிகோவ் அவர்களின் நினைவாக அமைந்தது. இந்த இனத்து ஈஸ்டுகள் சுற்றியுள்ள இரும்புச் சத்தைச் சிவப்பு நிறமி ஒன்றில் கட்டி வைத்துவிடுகின்றன. இரும்பு கிடைக்காத பூசணம் வளர்ச்சி குன்றுகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்ததே. அந்தத் திராட்சையை 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று கூறப்படுகிறது. மெல்லிய தோலுள்ள அப்பழத்தைத் தொலைவிலுள்ள சந்தைக்குக் கெடாமல் அனுப்புவது இன்றும் எளிதன்று. அதன் தோலிலும் ஏதேனும் ஒரு காவல் ஈஸ்ட் குடியிருக்கக்கூடும். கல்லூரிக்குச் சென்று தாவரவியலும் நுண்ணுயிரியலும் படிக்கப்போகும் அக்காமார் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

மருந்தும் மலையும்

பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும்போது இவ்வளவு தொல்லை எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தயாபெண்டசோல், இமசாலில் போன்ற மருந்துகள் உலகெங்கும் பழக் கிடங்குகளில் பயன்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால் அதற்கு அஞ்சாத பூசண வகை பெருகிவிடுகிறது. பெனிசிலியத்தில் இது நடந்தேறியது. மேலும் பறித்த பின் இடும் மருந்து வெயிலிலும் மழையிலும் கரைய வாய்ப்பில்லை. உண்பவரை அது விரைவில் அடைகிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1987-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, உணவில் தங்கும் பயிர் மருந்துகளால் வரக்கூடிய புற்றுநோய் அபாயத்தை மதிப்பிட்டபோது, அதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைப் பூஞ்சைக்கொல்லிகளின் கணக்கில் வைத்தது. ஊறுகாய்க்கு எலுமிச்சையைத் தோலோடுதானே நறுக்குகிறோம்?

ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரைத் தடுப்பது நம் மலைக்குப் புதிதும் அன்று. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெற்றோர்கள் 'அழுகல்' நோயை அறிவார்கள். தென்மேற்குப் பருவமழையில் பைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிர் ஏலக்காயைச் செடியிலேயே அழுகச் செய்கிறது. உலக ஆய்வேடுகளிலும் இந்நோய்க்கு 'அழுகல்' என்றே பெயர். நம் பக்கத்துச் சொல் ஒன்று அவ்வளவு தூரம் சென்றிருப்பது மகிழ்ச்சி தருகிறது, நோயின் பெயராகச் சென்றது ஒன்றுதான் குறை. இடுக்கி மாவட்டத்து மைலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-களில் ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை இந்நோய்க்கு எதிராக ஆய்ந்தார்கள். காப்பித் தோலும் சாணமும் கலந்ததில் அதை வளர்த்துச் செடியின் அடியில் இடுவார்கள். கவனிக்க வேண்டியது இடும் காலம். மழை பிடிப்பதற்கு முன்பே இட வேண்டும். நோய் கண்ட பின் இடுவதில் பெரும்பயன் இல்லை.

எலுமிச்சையிலும் அதே விதிதான். காயத்தில் பூசணம் முளைத்து உள்ளே சென்றுவிட்டால், எத்தனை கோடி ஈஸ்டை ஊற்றினாலும் அது திரும்பாது. ஈஸ்ட் மருந்தன்று, முன்கூட்டியே அமர்த்தும் காவல்.

இதனால்தான் நம் ஊரின் பெரிய பழமான மாம்பழத்துக்கு இவ்வழி அவ்வளவாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசாலட்டும் கல்லாமையும் பழுக்கும்போது தோலில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவுவதைக் கண்டிருப்பீர்கள். அது கொலட்டோடிரைக்கம் என்னும் பூஞ்சையால் வரும் நோய். அந்தப் பூஞ்சை பூவிலும் பிஞ்சிலுமே தொற்றி, தோலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பழுக்கும் வேளையில் எழுகிறது. பறித்த பின் வெளித்தோலில் காவல் வைத்தால், முன்பே வீட்டுக்குள் புகுந்து ஒளிந்தவனை என்ன செய்ய இயலும்? அதற்குச் சுடுநீர் முறை உண்டு. சுமார் 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் பழத்தை அமிழ்த்தி எடுத்து உலர்த்துவார்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்தால் மாம்பழம் வெந்துவிடும்.

வீட்டில் சோதிக்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வழி கூறுகிறோம். ஒரே மரத்து எலுமிச்சைகளைத் தேர்ந்து, சுத்தமான ஊசியால் ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் ஒரே ஆழமாகக் குத்துங்கள். சிலவற்றின் காயத்தில் கொதித்து ஆறிய நீரை மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். சிலவற்றில் நல்ல எலுமிச்சையைச் சிறிதளவே நீரில் அலசி எடுத்த நீரை விடுங்கள். சிலவற்றில் பேக்கரி ஈஸ்ட் கரைத்த நீரை விடுங்கள். இது இவ்வேலைக்கென்று தேர்ந்த ஈஸ்ட் அன்று என்பது நினைவிருக்கட்டும், வெல்லாமலும் போகலாம். ஒரு நாள் கழித்து எல்லாவற்றிலும் பச்சைப் பூசணம் தோய்ந்த நீரில் ஒரு சொட்டு. மூடிய டப்பாக்களில் தனித்தனியே வைத்து நாள்தோறும் எழுதி வாருங்கள். டப்பாவைத் திறந்து முகர வேண்டாம். பூசணத் தூள் மூச்சுக்கு ஆகாது. முடிந்ததும் பழத்தைத் தின்ன வேண்டாம், புதைத்துவிடுங்கள். இழைப்பு உள்ள மாணவியர் இச்சோதனையை விட்டுவிடுவது நல்லது.

இவ்வாண்டு ஆடியிலும் பொட்டிபுரத்திலிருந்து பழம் வந்தது. தோழியின் தாயாரே உடன் வந்தார். சாக்குக்குப் பதிலாக, வைக்கோல் பரப்பிய இரண்டு கூடைகள். பழத்தைத் திருகாமல், காம்பின் குமிழ் தோலோடு நிற்கும்படி கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். "போன வருசம் ஒங்க கை மட்டுமில்ல தாயி, எங் கையிலயும் தப்பு இருந்துச்சு. அவசரத்துல துரட்டி போட்டு உலுக்கித்தான் எடுத்தேன்" என்றார். நாங்கள் ஆறு பேரும் தலைகுனிந்து நின்றோம், அவர் சிரித்துவிட்டார்.

யாரும் கழுவவில்லை. மூங்கில் தட்டுகளில் பரப்பினோம். பாட்டி காலைதோறும் வந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டுப் போவார். ஆறாம் நாள், ஒரே ஒரு பழத்தில், முள் குத்திய இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக வட்டம் கண்டது. பாட்டி அதை உலுக்காமல் பழைய தாளில் சுற்றி எடுத்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். ஆய்வுக்கூடத்துக்கு அந்தப் பழம் வேண்டும் என்று நாங்கள் ஓடிச் சென்றபோது மண் மூடியாகிவிட்டது.